முயல் வேண்டாம் என்றால் எதில் சோதிப்பது?

பேஸ் வாஷும் பாத்திரம் கழுவும் திரவமும் ஏறக்குறைய ஒரே சரக்கில்தான் பிறக்கின்றன: எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைப்பொருள், அதற்குத் துணையான பீட்டைன், உப்பு, வாசனை, கெடாமலிருக்க ஒரு பிரிசர்வேட்டிவ், மீதி தண்ணீர். இரண்டுமே கை தவறினால் கண்ணில் தெறிப்பவை. சட்டத்தின் கணக்கில் மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு இலை. முகத்துக்குப் போவது அழகுசாதனம். 2014 மே முதல் இந்தியாவில் அதை விலங்குகளில் சோதிக்கத் தடை. அதே ஆண்டு நவம்பரில், அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளிலும் அது தொடர்கிறது. பாத்திரத்துக்குப் போவதற்கு, தரைக்குப் போவதற்கு, துணிக்குப் போவதற்கு இந்தத் தடை எட்டாது. அங்கே இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம். பதிவு பெற்ற ஆய்வகமும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருந்தால், தரை துடைக்கும் திரவத்தை இன்றும் முயலின் கண்ணில் விட முடியும். பெரிய விலங்குகளைத் தவிர்த்து, முடிந்தவரை முயல், எலி, தவளை, கினிப்பன்றி போன்ற சிறியவற்றைப் பயன்படுத்தச் சொல்லும் சட்டம் அது. சிறியதாகப் பிறந்தது முயலின் குற்றம் போலும்.

ஆகவே இரண்டையும் தயாரிக்கும் சிறு நிறுவனத்துக்கு முடிவெடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. சட்டம் பாதியைத்தான் முடித்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் முயலையே பார்த்துவிடலாம், எதை மறுக்கிறோம் என்று தெரிய வேண்டுமே. 1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரைஸ் வகுத்த முறை இது. 0.1 மில்லி திரவத்தை ஒரு கண்ணின் கீழிமைப் பைக்குள் விடுவார்கள். மறு கண் ஒப்பீட்டுக்கு. 1, 24, 48, 72 மணி நேரத்தில் பார்ப்பார்கள். புண் ஆறுகிறதா என்று அறிய 21 நாள் வரை போகலாம். மொத்த மதிப்பெண் 110. அதில் கருவிழிக்கு மட்டும் 80. வலி மருந்தும் மரப்பு மருந்தும் கட்டாயப் பகுதியாக பல நாடுகள் ஏற்கும் சோதனை முறைகளை வெளியிடும் ஓ.இ.சி.டி. அமைப்பின் வழிகாட்டி 405இல் சேர்ந்தது 2012இல்தான்.

முயலைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் கண் மனிதக் கண்ணைப் போன்றது என்பதல்ல. கண் பெரியது, முயல் சாது, விலை குறைவு. அதன் கருவிழி நம்முடையதைவிட மெல்லியது, அது அரிதாகவே இமைக்கும், கண்ணீரும் குறைவு, நமக்கில்லாத மூன்றாம் இமை வேறு உண்டு. 1971இல் வெய்ல், ஸ்காலா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஓர் ஆய்வகம் கடும் எரிச்சல் என்றதை இன்னொன்று லேசானது என்றது. கருணையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இது நல்ல அளவுகோல் இல்லை.

அதற்காக ‘எதிலுமே சோதிக்க வேண்டாம்’ என்பதும் கருணை ஆகாது. 1933இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயம் விற்றது. பாராபீனைலின் டைஅமின் என்ற சாய வேதிப்பொருள் கலந்தது. பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒரு மரணமும் நேர்ந்தது. 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்கு அதுவும் ஒரு தூண்டுகோல். சோதிக்காத சரக்கை விற்றால் வாங்குபவரே சோதனை விலங்கு.

மிச்சமுள்ள வழிகள் ஐந்து: கணக்குத் தாள், கோழி முட்டை, கசாப்புக் கடையிலிருந்து வரும் கண், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் திசு, தன்னார்வலரின் தோல். இவற்றைச் சமமாக வைத்துத் தட்டில் நிறுப்பது தவறு. முதலாவதைச் சரியாகச் செய்தால் மற்ற நான்கில் பாதி தேவைப்படாது.

கணக்குத் தாள் என்பது உங்கள் பார்முலாவில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் சப்ளையர் தரும் பாதுகாப்புத் தரவுத்தாளை வைத்து, கலவையின் அபாயத்தைக் கணக்கிடுவது. பல நாடுகளில் பின்பற்றப்படும் ஜி.எச்.எஸ். என்ற அபாய வகைப்பாட்டு முறையில் பொது விதி எளிது: கண்ணுக்குக் கடும் சேதம் தரும் பொருள்கள் கூட்டாக 3 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கலவையும் அதே வகை, 1 முதல் 3 வரை என்றால் எரிச்சல் வகை. அமில-கார அளவான பி.எச். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால் அரிக்கும் பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறை ஆசிட்டையோ காஸ்டிக் கலந்த அடைப்பு நீக்கியையோ எந்த உயிரின் மீதும் சோதிக்கத் தேவையில்லை என்பது இங்கேயே முடிந்துவிடுகிறது. பி.எச். மீட்டர் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. எஸ்.எல்.இ.எஸ். சந்தையில் 70 சதவீதப் பேஸ்டாகவும் 28 சதவீதத் திரவமாகவும் வருகிறது. 100 கிலோ சரக்கில் 10 கிலோ பேஸ்ட் போட்டால் உண்மையில் சேர்ந்தது 7 கிலோதான். ஐரோப்பிய சப்ளையர்கள் இதற்கெனத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்: 5 சதவீதம் முதல் 10க்குக் கீழ் வரை எரிச்சல், 10 அல்லது அதற்கு மேல் கடும் சேதம். பேஸ்ட் எடையை அப்படியே எழுதினால் சரக்கு வரம்பில் போய் முட்டி நிற்கும், செயல்படு பொருளாக எழுதினால் உள்ளே அடங்கும். 28 சதவீதச் சரக்கில் இந்தப் பிழை இன்னும் பெரிது. வேண்டாத சோதனைக்குப் பணம் கட்டவைப்பது பல நேரம் இந்த ஒரு வரிதான்.

கணக்கின் பலவீனம் அது மிகையாகப் பயமுறுத்தும் என்பது. நுரைப்பொருளுக்கு மூலமான ஆசிட் ஸ்லரியை நடுநிலைப்படுத்தி 10 சதவீதம் போட்ட சாதாரணப் பாத்திரத் திரவத்தைப் பொது விதி ‘கடும் சேதம்’ வகையில் தள்ளிவிடும். இதற்காகத்தான் ஐரோப்பிய டிடர்ஜென்ட் தொழிலமைப்பான ஏ.ஐ.எஸ்.இ., ‘டெட்நெட்’ என்ற பொதுத் தரவு வலையை அமைத்தது. ஏற்கெனவே சோதித்த ஒத்த பார்முலாவோடு ஒப்பிட்டு, புதிய சோதனை இல்லாமலே வகைப்படுத்தும் ஏற்பாடு. அந்தப் பழைய தரவுகளில் ஒரு பகுதி விலங்குகளிடமிருந்து வந்தது என்ற உறுத்தல் நியாயமானது. ஆனால் அதைப் பூட்டிவைத்தால் காப்பாற்றப்படும் முயல் எதுவும் இல்லை. திரும்பச் செய்தால் புதிதாகச் சாகும் முயல்கள் உண்டு.

கணக்கு மிகை என்று சந்தேகம் வந்தால்தான் அடுத்த படி. பலரும் முதலில் கைவைப்பது கோழி முட்டையில். ஹெட்-கேம் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். முட்டைக்குள் கருவைச் சுற்றிய இரத்தக் குழாய்ச் சவ்வு, கண்ணின் வெண்பகுதியை மூடிய இணைவிழிப் படலத்துக்கு ஈடாக வேலை செய்கிறது. கடை முட்டை இதற்கு ஆகாது. நாமக்கல்லிலிருந்து வண்டி வண்டியாக வருவதெல்லாம் சேவல் சேராத முட்டை, உள்ளே கரு இல்லை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கருவுற்ற முட்டை வாங்க வேண்டும். ஒயிட் லெகார்ன் இனம் வழக்கம். 38 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஈரப்பதத்தோடு, திருப்பித் திருப்பி வைத்து அடைகாத்து 9ஆம் நாள் எடுப்பார்கள். விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கரு வளராததை ஒதுக்கிவிட்டு, காற்றறைப் பக்கத்தில் முட்டையோட்டை வட்டமாக அறுப்பார்கள். உள்சவ்வை 0.9 சதவீத உப்புக் கரைசலால் நனைத்து, இடுக்கியால் மெதுவாக உரிக்க வேண்டும். கை நடுங்கினால் இங்கேயே ஒரு குழாய் கிழிந்து இரத்தம் கசியும். அந்த முட்டை கழிந்தது, அதில் பொருளை விட்டு அளந்தால் பொய்க் கணக்கு.

சவ்வின் மேல் 0.3 மில்லி விட்டு, 300 விநாடி கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். மூன்று நிகழ்வுகளின் தொடக்க நேரம்தான் தேவை: இரத்தக்கசிவு, குழாய் கரைதல், உறைதல். 301இலிருந்து அந்த விநாடியைக் கழித்து, 300ஆல் வகுத்து, முறையே 5, 7, 9ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கசிவு 20ஆம் விநாடி, கரைதல் 60, உறைதல் 120 என்றால் 4.68, 5.62, 5.43; கூட்டினால் 15.7. உச்ச மதிப்பு ஏறத்தாழ 21, ஆக இது கடும் எரிச்சல். 0.9 வரை எரிச்சல் இல்லை என்பார்கள்.

இங்கே ஏமாறுவது சுலபம். நுரைக்கும் பொருள்கள் எல்லாமே இந்தச் சவ்வை வேகமாகத் தாக்கும். 1 சதவீத சோடியம் லாரில் சல்பேட்டைத்தான் ‘நிச்சயம் எரிச்சல்’ என்பதற்கான ஒப்பீட்டுப் பொருளாகவே வைக்கிறார்கள். ஷாம்புவை நீர்க்காமல் விட்டால் உலகின் எந்த ஷாம்புவும் தேறாது. முட்டையைத் தேர்வு எழுதவைக்காதீர்கள், ஒப்பிடப் பயன்படுத்துங்கள். சந்தையில் பல ஆண்டு நின்ற ஒரு குழந்தை ஷாம்புவையும் உங்களுடையதையும் ஒரே நீர்ப்பில், ஒரே நாளில், ஒரே தொகுதி முட்டைகளில் ஓட்டி எது மென்மை என்று கேட்டால் முட்டை நம்பத்தக்க பதில் சொல்லும். தனி ஓ.இ.சி.டி. வழிகாட்டி இதற்கு இல்லை என்பதால் ஏற்றுமதிக் கோப்பில் இது துணைச் சான்றுதான்.

முட்டைக்குள் இருப்பது உயிரில்லையா என்ற கேள்விக்கு வருவோம். ஐரோப்பியச் சட்டம் பறவைக் கருவைச் சோதனை விலங்காகக் கணக்கெடுப்பதில்லை. பிரிட்டன் வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பகுதியிலிருந்து கணக்கெடுக்கிறது. 21 நாளில் பொரியும் கோழிக்கு அது 14ஆம் நாள். 9ஆம் நாள் இந்த எல்லைக்கு முன்னால்தான். ஆனாலும் ‘விலங்கு இல்லாத சோதனை’ என்று டப்பாவில் அச்சிடும் அளவுக்கு இது சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சைவம் பார்க்கும் வாடிக்கையாளர் பின்னால் தெரிந்துகொண்டால் வரும் கோபம் நியாயமாகவே இருக்கும். சோதனை முடிந்த முட்டைகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் உடனே உறைபெட்டியில் வைப்பது குறைந்தபட்ச மரியாதை.

கசாப்புக் கண் இதைவிட ஒரு விதத்தில் தெளிவானது: உணவுக்காக ஏற்கெனவே அறுபட்ட உயிர், சோதனைக்கென்று எதுவும் சாகவில்லை. இரண்டு வழிகாட்டிகள் உண்டு, இரண்டும் 2009இல் வந்தவை. மாட்டுக் கருவிழிக்கு 437, கோழிக் கண்ணுக்கு 438. மாட்டு முறையில் ஒளிபுகாத் தன்மையோடு, சாயம் கசியும் அளவை 15ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். 55க்கு மேல் கடும் சேதம், 3 வரை வகை ஏதுமில்லை. இடைப்பட்ட சரக்குக்கு அது வாயே திறக்காது. நம் சரக்கில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் விழும்.

வீட்டுச் சுத்திகரிப்புப் பொருளுக்குக் கோழிக் கண்தான் பொருத்தம். 2018இல் 438ஐத் திருத்தியபோது, பி.எச். 2க்கும் 11.5க்கும் இடைப்பட்ட டிடர்ஜென்ட், நுரைப்பொருள்களுக்கென்றே, திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவியல் ஆய்வைச் சேர்த்தார்கள். 30 மைக்ரோலிட்டர், 10 விநாடி, பின் 20 மில்லி உப்புநீரில் கழுவல். 4 மணி நேரம் வரை கருவிழியின் தடிப்பையும் மங்கலையும் சாயம் பிடிப்பதையும் அளப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டரை கிலோ எடைக் கோழி வேண்டும். நம் ஊர் பிராய்லர் கடைக் கோழி அந்த எடைதான். ஆனால் கடைக் கோழியின் தலையை அப்படியே வாங்கிவர முடியாது: இறகு பறிக்க வெந்நீரில் முக்கிய தலையில் கருவிழி முன்பே மங்கியிருக்கும். அறுத்த கையோடு தலையைத் தனியே எடுத்து, ஈரம் காயாமல் பெட்டியில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அறுப்பிடத்தோடு முன்கூட்டியே பேசி வைக்காத ஆய்வகத்தால் இது நடக்காது. விசாரிக்கும்போது விலையைக் கேட்கும் முன் ‘கண் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வருகிறது’ என்று கேளுங்கள்.

வளர்த்த மனிதத் திசு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகத் தோன்றும். பெரும்பாலும் உண்மையும் அதுவே. கண்ணுக்கு வழிகாட்டி 492, தோல் எரிச்சலுக்கு 439. எபிஆக்குலர் என்ற வளர்ப்புத் திசுவில் திரவம் என்றால் 50 மைக்ரோலிட்டர், 30 நிமிடம். கழுவி, ஊறவைத்து, 2 மணி நேரம் கழித்து எவ்வளவு செல் உயிரோடிருக்கிறது என்று பார்ப்பார்கள். 60 சதவீதத்துக்கு மேல் என்றால் கண்ணுக்கு அபாய வகை இல்லை. தோல் திசுவில் 42 மணி நேரம் காத்திருந்து பார்க்கையில் 50 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் எரிச்சல்.

உயிருள்ள செல்லை அளப்பது எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். மூலிகைச் சரக்கு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வைட்டமின் சி, நெல்லிக்காய்ச் சாறு, துவர்ப்புச் சத்துள்ள கசாயங்கள் செல்லே இல்லாமலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செத்த திசு உயிரோடிருப்பதாகக் காட்டும், எரிச்சலூட்டும் சரக்கு பாஸாகிவிடும். மஞ்சள்தூளும் மருதாணியும் தம் நிறத்தாலேயே அளவைக் கெடுக்கும். முதல் வகைக்குக் கொன்ற திசுவிலும், நிறமுள்ளதற்கு எம்.டி.டி. சேர்க்காத திசுவிலும் ஒரு இணைச் சோதனை ஓட்டி அந்தப் பொய்யைக் கழிக்க வேண்டும். அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால் மூலிகைப் பொருளுக்கு அந்த அறிக்கையை நம்ப வேண்டாம். இன்னொரு தொல்லை, இறக்குமதித் திசு குளிர்ப்பெட்டியில் வரும் உயிர்ச் சரக்கு. சுங்கத்தில் நாலு நாள் கிடந்தால் திசுவும் போச்சு, பணமும் போச்சு.

தோல் ஒவ்வாமைக்கு முன்பு கினிப்பன்றி, பின்பு எலி. இப்போது 2021இன் வழிகாட்டி 497 உண்டு. புரத ஒட்டல், தோல் செல், வெண்ணணுச் செல் என மூன்று சோதனைகளில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு. இது தனிப் பொருளுக்கு உரியது. ரோஜா எண்ணெய் போன்ற பல்பொருள் கலவையில் தடுமாறும். செல்களை வளர்க்கும் ஊடகத்தில் பெரும்பாலும் கன்றுக் கரு சீரம் சேர்கிறது, அறுபட்ட சினைப்பசுவின் வயிற்றுக் கருவிலிருந்து எடுப்பது. ‘குழாய்ச் சோதனை’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு கன்று ஒளிந்திருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு நடைமுறை வழி வேறு: பேர்போன ஒவ்வாமைப் பொருள்களைத் தொடாமலிருப்பது. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவை, பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் ஐரோப்பா தடை செய்துவிட்டது. கழுவி விடுவதில் 0.0015 சதவீதம்தான் உச்சம். மலிவு என்று அதைக் கொட்டிவிட்டு ஒவ்வாமைச் சோதனைக்கு ஆள் தேடுவது வீண்.

கடைசியாக மனிதத் தோல். பேட்ச் டெஸ்டில் முதுகிலோ கையிலோ 24 மணி நேரம் மூடி ஒட்டி, சிவப்பையும் வீக்கத்தையும் மதிப்பெண்ணிடுவார்கள். இதை முதல் சோதனையாக வைப்பதுதான் நெறிப்படி மிகப்பெரிய தவறு. முயலைக் காப்பாற்றி, காசுக்கு வந்த தொழிலாளியின் முதுகில் அறியாத சரக்கை ஒட்டுவது இடம் மாறிய கொடுமை. நெறிமுறைக் குழு ஒப்புதலும், அவர் படிக்கும் மொழியில் ஒப்புதல் படிவமும், நடுவில் விலகினாலும் தொகையை வெட்டாத ஏற்பாடும் வேண்டும். கணக்கும் திசுவும் ‘சாது’ என்று சொன்ன பிறகு, அதை உறுதிப்படுத்த மட்டுமே இது. ஷாம்புவை நீர்க்காமல் மூடி ஒட்டச் சொல்லும் ஆய்வகத்தை விட்டு விலகுங்கள்; எல்லார் முதுகும் சிவக்கும், உங்கள் சரக்கைப் பற்றி எதுவும் தெரியாது.

எனவே முடிவு சரக்கைப் பொறுத்தது. பழகிய பொருள்களால் ஆன பேஸ் வாஷ், ஷாம்பு என்றால் கணக்கும், ஓர் ஒப்பீட்டு முட்டையோ திசுவோ, இறுதியில் பேட்ச் டெஸ்டும் போதும்; முட்டை உறுத்தினால் திசு. பாத்திரத் திரவம், தரைத் திரவத்துக்குக் கணக்கு மட்டும் போதும். கணக்கு சொல்லும் எச்சரிக்கையை அப்படியே லேபிளில் போட்டுவிடுங்கள், ‘கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவவும்’ என்ற வரியால் விற்பனை குறைவதில்லை. அந்த எச்சரிக்கையைக் குறைத்துக்காட்ட விரும்பினால் மட்டும் கோழிக் கண். ஆசிட், காஸ்டிக் வகைக்கு எதுவும் வேண்டாம்.

இவை எதுவும் தீர்க்காத இடம் ஒன்று உண்டு: முற்றிலும் புதிய பொருள். தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ஈரலுக்கு, கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கு முழு மாற்றுச் சோதனை இன்னும் இல்லை. 2013 மார்ச்சில் அழகுசாதன விலங்குச் சோதனைக் கதவை முழுதாக மூடிய ஐரோப்பாவிலேயே, ஹோமோசலேட், எத்தில்ஹெக்சில் சாலிசிலேட் என்ற இரு சன்ஸ்கிரீன் பொருள்களுக்கு வேதிப்பொருள் சட்டத்தின் பேரில் விலங்குச் சோதனை கேட்டார்கள். தொழிலாளர் பாதுகாப்பு என்பது காரணம். அவற்றைத் தயாரிக்கும் சிம்ரைஸ் நிறுவனம் வழக்குப் போட்டு 2023 நவம்பரில் தோற்றது. ‘உலகில் முதன்முறையாக’ என்று சப்ளையர் காட்டும் பளபளப்பான புதுப் பொருளை வாங்கும்போது அதன் பின்னால் வரும் எலிகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். உண்மையான தேர்வு இங்கே, கொள்முதல் மேசையில் நடக்கிறது. சீனாவுக்கு அனுப்புவதானால் இன்னொரு கணக்கு. 2021 மே முதல், உற்பத்தித் தரச் சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் காட்டினால் சாதாரண அழகுசாதனத்துக்கு விலங்குச் சோதனையிலிருந்து விலக்கு கிடைக்கும். முடிச்சாயம், சன்ஸ்கிரீன் போன்ற சிறப்பு வகைக்கு அந்தச் சலுகை இல்லை.

டப்பாவில் முயல் படம் போடுவதைப் பற்றி. இந்தியாவிலேயே செய்து இந்தியாவிலேயே விற்கும் பேஸ் வாஷில் அது சட்டத்தைக் கடைப்பிடித்தோம் என்று சொல்வதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. தரைத் திரவத்தில் போட்டால் அர்த்தமுண்டு. விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் பட்டியலுக்கு அடிப்படை, நிறுவனமும் சப்ளையர்களும் தரும் உறுதிமொழி. லீப்பிங் பன்னி என்ற முயல் சின்னச் சான்றுக்கு ஒரு கடைசித் தேதி குறித்து, அதற்குப் பின் எந்தப் பொருளும் சோதிக்கப்படவில்லை என்று சப்ளையர்களைக் கண்காணித்து, வெளித் தணிக்கைக்கும் கதவு திறக்க வேண்டும். இரண்டுமே சைவச் சான்று அல்ல: விலங்கில் சோதிக்காத லிப்ஸ்டிக்கில் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பு இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும், சப்ளையரிடம் வாங்கும் கடிதத்தில் ‘எங்கள் நிறுவனம் விலங்குகளில் சோதிப்பதில்லை’ என்ற பொது வரியை ஏற்காதீர்கள். பொருளின் பெயர், அதன் வேதி அடையாளமான சி.ஏ.எஸ். எண், எந்தத் தேதிக்குப் பின், தாமும் சோதிக்கவில்லை, தம் சார்பில் வேறொருவரும் சோதிக்கவில்லை என்ற ஐந்தும் இருக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது ஐந்தாவது.